நத்தை டாக்டரின் ஓய்வு நாள்

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போனவர்கள். ஆறு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். இதைச் சொல்வது பெருமைக்குத்தான். வேறு எதற்குச் சொல்வார்கள்?

படிப்பு எனக்கு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தர்ஷினிதான் எழுதுகிறாள். ஆனாலும் பல்கலைக்கழகத்து ஆட்களோடு பேராக் மாநிலம் முழுக்கக் காடு மலை என்று சுற்றியவள் நான். அவர்கள் ஆராய்ந்தார்கள், நான் சோறு போட்டேன். சோறு இல்லாமல் நடந்த ஆராய்ச்சி ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த முகாம் சமையல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைத் தேடி ஈப்போவுக்கு வந்தீர்கள். வந்ததும் பாட்டி என்றீர்கள். தொழிலில் நான் உங்களுக்கு அக்கா, அப்படியே கூப்பிடுங்கள் என்றேன். "சரிக்கா, எங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டீர்கள். மழையில் அடுப்பு மூட்டுவதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை; நாலு முறை விரல் சுட்டால் தானாக வரும். உங்களுக்குத்தான் கேஸ் அடுப்பு வேறு இருக்கிறதே. நான் சொல்லப்போவது ஓய்வு நாளைப் பற்றி.

காட்டில் நடக்கிற நாளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. கால் வலிக்கும், அட்டை கடிக்கும், சாப்பிட்டுவிட்டுக் கட்டை மாதிரித் தூங்குவார்கள். ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் தொடங்கும் முன்னால் நடுவில் ஒரு நாள் சும்மா விடுவார்கள் பாருங்கள், உள்ளே இருக்கிற வியாதி எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். உடம்பு வியாதியும் வரும், புத்தி வியாதியும் வரும். எனக்கு முன்னால் அந்த வேலையில் ஒரு பாய் இருந்தார். அடுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஓய்வு நாளு அன்னிக்கி சட்டியப் பாக்காதம்மா, சாப்பிடுற மூஞ்சியப் பாரு." அவர் சமையல் சுமார்தான். இதை மட்டும் சரியாகச் சொன்னார்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்களை அழைத்துப் போனவர் ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நத்தை டாக்டர். ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு நத்தை உண்டாம், அடுத்த மலையில் அது இருக்காதாம். அரிசிமணி அளவுதான் இருக்கும். அதைப் பொறுக்குவதற்குப் பல்கலைக்கழகம் ஒரு லேண்ட்ரோவர் வண்டியும் நான்கு ஆட்களையும் கொடுத்திருந்தது. நாங்கள் தங்கியது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. அந்த ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போதெல்லாம் டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும். பலகையைத் தனக்காகவே நட்டது போல நிமிர்ந்து உட்காருவார். நம்மவர்தான், கோலாலம்பூர்க்காரர். தமிழ் பேசுவார், ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பீங்கான் தட்டு மாதிரி, துடைத்துத் துடைத்துப் பேசுவார்.

டாக்டரும் நானும் போக மற்ற இருவர்: வண்டி ஓட்டுகிற முத்து, மாணவன் சேகர். சேகர் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். அந்த வரிசை வீட்டு லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவன்தான். கீழ் மலைகளில் பொறுக்கி முடித்தாகிவிட்டது. மறுநாள் ஆற்றோடு ஏறி, உள்காட்டில் ஓராங் அஸ்லி மக்கள் இருக்கும் மலைக்குப் போக வேண்டும். காட்டுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். அங்கே இருக்கிற நத்தைதான் சேகருடைய பட்டத்துக்கான ஆராய்ச்சி. அதற்குப் பிறகு மழை வந்துவிடும், ஆறு ஏறிவிடும், அடுத்த வருஷம்தான்.

வழி காட்ட அலோங் என்பவர் அன்று மாலை மேலே இருந்து இறங்கி வருவதாகப் பேச்சு. அதற்கு முன் ஒருமுறை ஏற்பாடு பேச வந்தபோது என் சமையல்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். மனைவிக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளை எவ்வளவு நீளம் என்று கேட்டேன், இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். மேலே நாங்கள் தங்கப்போவது அவர்களுடைய மூங்கில் வீட்டில்தான். ஒரே கூரை, ஒரே அடுப்பு, குழந்தை குட்டி எல்லாரும் வரிசையாகப் படுப்பார்கள்.

அன்று காலையில், தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த பழைய கணக்குக் கிராணி வீட்டு வாசலில் நின்று டாக்டர் அறிவித்தார்: "இன்று பூரண ஓய்வு. எவரும் எந்த வேலையும் செய்யக் கூடாது." அறிவித்துவிட்டு, நத்தை அலசத் தண்ணீர் காய்ச்சச் சொன்னார், வலை துவைக்கச் சொன்னார், வண்டியைத் துடைக்கச் சொன்னார். கடைசியில் என் சோற்றுச் சட்டியைக் கேட்டார்.

"எதுக்குங்க?"

"நத்தையை வேகவைத்தால் ஓட்டிலிருந்து சுலபமாக வரும்."

"ரசமும் வேணுமா டாக்டர், கூடவே வச்சிடறேன்" என்றேன். சட்டியைக் கொடுக்கவில்லை.

முத்துவுக்கு ஓய்வென்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுதான். தலை முதல் கால் வரை பூசிக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, குழாயடியில் வெயில் காய்ந்தான். டாக்டர்கூடக் கைலிக்கு மாறிவிட்டார். சேகர் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சேகரு, வா, எண்ணெ வச்சிருக்கேன்" என்று கூப்பிட்டேன்.

"வேணாம்க்கா."

"கோழி கொதிக்குது. குளிச்சிட்டு வந்தா ஈரல ஒனக்குத் தாரேன்."

"இன்னிக்கி வெரதம்க்கா."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன் ஓய்வு நாளில் எண்ணெய்க் குளியலையும் வேண்டாம் என்கிறான், கோழி ஈரலையும் வேண்டாம் என்கிறான். டாக்டருக்கு அவன் பக்தி ரொம்பப் பிடித்துப்போனது. "பார்த்தீர்களா, இந்த வயதிலேயே எவ்வளவு கட்டுப்பாடு!" என்றார். நான் சேகருக்குத் தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போது விரல் பட்டது. டம்ளரைவிட விரல்தான் சூடு.

பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். "சட்டையக் கழட்டு."

"கொசுக்கடிக்கா."

"பட்டன் மாட்டுன சட்டைக்குள்ள பூந்து கடிக்குதா? அது என்னா கொசு, நீங்க எல்லாம் அதப் போயி ஆராயக் கூடாதா?"

சிரிக்கவில்லை. மேல் பட்டனைக் கழற்றினான். நெஞ்சில் நீர் கோத்த முத்துகள். நம் வீடுகளில் இதற்குப் பேர் சொல்ல மாட்டோம். அம்மா வந்திருக்கிறாள் என்போம், அவ்வளவுதான். எந்த அம்மா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"எப்பலேருந்து?"

"நேத்து. ஊருல அக்கா புள்ளைக்கி இருந்திச்சி. தூக்கி வச்சிருந்தேன்." அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். "அக்கா, நாளைக்கிப் போகலன்னா ஒரு வருஷம் போயிரும். அப்பா லயத்துல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்காரு. நான் மேல யார்ட்டயும் ஒட்ட மாட்டேன். தள்ளிப் படுத்துக்குறேன்."

"அங்க தள்ளிப் படுக்க எடம் எங்கடா இருக்கு? அலோங்கு வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. அவங்களுக்கு ஒண்ணு வந்திச்சின்னா, ஆசுபத்திரிக்கி எந்த வழியில தூக்கியாருவாங்க?"

"தெரியாத மாதிரி இருங்கக்கா. ஒங்களக் கும்புடுறேன்."

என் மூத்தவனுக்கு அப்போது கிட்டத்தட்ட அவன் வயதுதான். முத்துவிடம் போனேன்.

"காலையில அவன் கொழாயடியில மேலு கழுவுறப்ப முதுகப் பாத்தியா?"

முத்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். "பாத்தேன்க்கா."

"ஏன் சொல்லல?"

"அத எப்பிடி வாயால சொல்றது? அதுவும் டாக்டர் பக்கத்துலயே நின்னாரு. அவரும் பாத்தாருலா. பாத்துட்டு, என்கிட்ட வண்டிக்கி எண்ணெ ஊத்தியாச்சான்னு கேட்டாரு."

ஆக, மூன்று பேரும் பார்த்திருந்தோம். பார்க்கப்பட்டவனுக்கும் தெரியும். வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை நான்கு பேரும் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, மறுநாள் ஏறிப்போகப் பை கட்டிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் மேசையில் நத்தையை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். தலை நிமிரவில்லை.

"பூச்சிக்கடி. காடு என்றால் இதெல்லாம் சகஜம்."

"காய்ச்ச அடிக்கிதுங்க."

"அம்மா, நிச்சயம் இல்லாத ஒன்றைப் பேசக் கூடாது. அதுதான் விஞ்ஞானம்."

"நிச்சயமாகுற அன்னிக்கி நாம மேல இருப்போம், டாக்டர்."

"நீங்கள் கோழியைப் பாருங்கள்."

கோழியைப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி, பின்னால் மண்ணைத் தோண்டிக் கொட்டினேன். அம்மா வந்த வீட்டில் கவிச்சி கூடாது, தாளிக்கிற வாசனையும் கூடாது. பிறகு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோய், கும்பிட்டு, வேப்பங்கொத்து ஒடித்துக்கொண்டு வந்து வாசல் நிலையில் கட்டினேன். இனி நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன். பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள், பையனும் நான் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்ல மாட்டான். கெட்டிக்காரி வேலை செய்துவிட்டதாக எனக்கு எண்ணம்.

சாப்பாட்டுக்கு வந்த டாக்டர் மோர்ச்சோற்றைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"கோழி எங்கே? யார் இந்தக் குப்பையைக் கட்டியது?"

"ஐயோ டாக்டரு, அப்பிடிச் சொல்லாதீங்க" என்று முத்து பதறிச் செருப்பைக் கழற்றினான்.

டாக்டர் எழுந்துபோய்க் கையை உயர்த்தினார். பாதியில் நின்றது கை. எத்தனை பட்டம் வாங்கினாலும் அந்தக் கையைப் பிடித்துச் சோறு ஊட்டியவள் ஒரு தமிழ்ப் பொம்பிளைதானே. கையை இறக்கி, "முத்து, நீ எடு" என்றார்.

"நான் வண்டிக்கி எண்ணெ ஊத்தணும் டாக்டர்" என்று அவன் நழுவிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து, மாலையில் வரவேண்டிய அலோங் முன்னதாகவே வந்தார். முதுகில் கூடை, கையில் எங்களுக்கென்று இலையில் சுற்றிய ஏதோ ஒன்று. சிரித்துக்கொண்டே வந்தவர் வேப்பங்கொத்தைப் பார்த்ததும், தரையில் கோடு போட்டதுபோல் நின்றுவிட்டார். "சியாப்பா சாகிட்?" என்று கேட்டார். யாருக்கு நோய் என்று.

அவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குடியிருப்பில் நோய் வந்தால் பாதையில் ஒரு கிளையை வெட்டிக் குறுக்கே போடுவார்களாம். வெளி ஆள் தாண்டி வரமாட்டானாம், உள் ஆள் தாண்டிப் போகமாட்டானாம். அவர் அங்கே நின்றபடியே அதைச் சொன்னார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. என் கொத்து பேசிவிட்டது, நான் பேசாமலே தப்பித்தேன் என்றிருந்தேன்.

நத்தை டாக்டரை நான் குறைவாக எடைபோட்டிருக்கிறேன். வெளியே வந்தார், நல்ல மலாயில், சிரித்த முகத்தோடு சொன்னார்: நோய் ஒன்றும் இல்லை, இது இந்தியர்களுடைய கோயில் திருவிழா, திருவிழாவுக்கு வாசலில் இலை கட்டுவது வழக்கம், நாளைக் காலையில் புறப்படலாம்.

திருவிழாவுக்கு நாம் வேப்பிலை கட்டுவது உண்மைதானே. அலோங்கும் தோட்டத்துத் திருவிழாக்களைப் பார்த்தவர். அவர் கால் கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் முன்னே வரவில்லை. டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, திருவிழாவா?" என்று மலாயில் கேட்டார்.

எல்லார் கண்ணும் என் மேல். டாக்டர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். முத்து வண்டிக்கடியில் இருந்து தலையை நீட்டினான். ஜன்னலில் சேகர். கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தான். ஆமாம் திருவிழா என்று தலையை ஆட்டினால் போதும். இல்லை, ஒன்றும் தெரியாத சமையல்காரியாகச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாலும் போதும். ஒருவரும் பின்னால் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. கொத்துக் கட்டினேனே, என் கடமை முடிந்தது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கலாம்.

"இல்லை. சாச்சார்" என்றேன். அம்மைக்கு மலாயில் அதுதான் பேர். "உள்ளே ஒரு பையனுக்கு. நீங்க யாரும் கிட்ட வராதீங்க."

அம்மா காதில் விழ அவள் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு, முத்து வண்டிக்கடியிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு தலையை இடித்துக்கொண்டான்.

அலோங் கையில் இருந்ததை ஒரு மரத்தடியில் வைத்தார். தான் வந்து கூப்பிடும்வரை ஒருவரும் மேலே வரவேண்டாம் என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் விடியும்போது சேகருக்கு முகம் முழுக்க முத்துகள். டாக்டர் எட்ட நின்று பார்த்துவிட்டு, "நான் அப்போதே சந்தேகப்பட்டேன்" என்றார். பல்கலைக்கழகத்துக்கும் அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார்: நோய் அறிகுறி கண்டவுடன் பயணத்தை நிறுத்த உத்தரவிட்டாராம். அங்கே எல்லாரும் பாராட்டினார்களாம். பாராட்டட்டும். கோழி போன துக்கத்துக்கு அவருக்கும் ஏதாவது வேண்டாமா?

அவர் முத்துவோடு கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பையனைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே இருந்தேன். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போனது, பயமில்லை. மோர் கொடுத்தால் குடிப்பான், இளநீர் கொடுத்தால் குடிப்பான். முகம் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அம்மா வந்த உடம்பைத் திட்டக் கூடாது என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அத்தனை நாள் நான் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

கூட்டிப்போக அவனுடைய அப்பா சுங்காயிலிருந்து வந்தார். பால் வெட்டிக் காய்த்துப்போன கை. மகனை ஏற்றிவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"பாத்துக்கிட்டீங்க அக்கா, புண்ணியமா போகும்." போகத் திரும்பியவர் மறுபடி நின்றார். "ஆனாலும்... ஒரு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"கூடாதுங்க" என்றேன்.

சேகருக்கு ஒரு வருஷம் போனது போனதுதான். பிறகு படித்து முடித்தான், பெரிய ஆளாகவும் ஆனான் என்று கேள்வி. என்னைப் பார்க்க வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்த வருஷம் அலோங் வந்து கூப்பிட்டார். டாக்டர் போனார், சேகர் போனான், முத்துவும் மூட்டை தூக்கப் போனான். சோறு போட டாக்டர் வேறு ஒருத்தியை வைத்துக்கொண்டார்; வாய் பேசாதவளாகப் பார்த்து எடுத்திருப்பார். அந்த மலையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. திரும்பி வந்த முத்துவிடம் கேட்டேன்.

"அலோங்கு புள்ள எப்பிடி இருக்கு?"

"அத ஏன் கேக்குறீங்கக்கா! அங்க இருக்கிற வாண்டுங்க அத இடுப்புல வச்சிக்கிட்டு, டாக்டரோட நத்த டப்பாவையும் தூக்கிக்கிட்டு ஓடிருச்சிங்க. மனுசன் மலையெல்லாம் தொரத்துறாரு. புடிக்க முடியலலா!"

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை என் பிள்ளைகள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முகாமில் ஒருவருக்கும் தெரியாத ஆபத்து ரொம்பக் குறைவு. எல்லாருக்கும் தெரிந்திருக்கும். படித்தவர் நிச்சயமாகட்டும் என்பார், படிக்காதவர் அதை எப்படி வாயால் சொல்வது என்பார். இலை கட்டினேன், இருமிக் காட்டினேன், சாடையாகச் சொன்னேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. நீங்கள் கட்டிய இலையை ஒருவர் திருவிழா ஆக்கிவிடுவார். கேட்கிறவர் காதில் விழும்படி, ஒரு முறை, வாயால் சொல்லுங்கள். சொன்னதற்காக உங்களுக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். அடுத்த முறை கூப்பிடவும் மாட்டார்கள். வேறு ஆட்கள் கூப்பிடுவார்கள், என்னைக் கூப்பிட்டார்களே.

போதும். தர்ஷினி, எழுதினத முழுசா ஒருவாட்டி சத்தமாப் படி. நீ என்மேல இருக்குற பாசத்துல எங்கயாச்சும் எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிச்சின்னு எழுதியிருப்ப, எனக்குத் தெரியும். இருந்தா அழி. அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னேன், அவ்வளவுதான். ம், படி.